நம்பர் இல்லாத அணில் துப்பாக்கி

கெண்டல் ஸ்டாம்பர் என் துப்பாக்கி ரிப்பேர் கடைக்குள் நுழைந்தபோது வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. மறுநாள் பதினோரு மணிக்கு அவனுக்குக் கல்யாணம். கல்யாண மாப்பிள்ளை என்றால் முடி வெட்டிக்கொள்ளப் போவான், கோட்டை இஸ்திரி போடுவான். இவன் குளியல் துண்டில் ஒரு துப்பாக்கியைச் சுருட்டிக்கொண்டு வந்து நிற்கிறான்.

"மேடம், இதோட விசை சிக்குது. நாளைக் காலைக்குள்ள சரி பண்ணித் தருவீங்களா? மாமாவுக்குப் பரிசா கொடுக்கப் போறேன்."

மாமா என்றால் ஆர்லிஸ் டக்கெட். எங்கள் மாவட்ட ஷெரிஃப் ஆபீசில் போலீசாக முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். சர்ச்சுக்கு முன்னால் வண்டியைக் கோணலாக நிறுத்தினான் என்று பாதிரியாருக்கே அபராதச் சீட்டு எழுதிய ஆசாமி. கெண்டல் எங்கள் பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியார், செயின்ட் லூயிஸ் பட்டணத்துக்காரன். ஆர்லிஸின் மகள் டெஸ்ஸாவைக் கட்டிக்கொள்ளப் போகும் தைரியசாலி என்று ஊரே அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தது.

துண்டை விலக்கினேன். உள்ளே ஒரு பழைய ஒற்றைத் தோட்டா அணில் துப்பாக்கி, அணில் வேட்டைக்கு எடுத்துப் போவது. அதற்குக் கீழே ஒரு டார்ச் லைட், பக்கத்தில் ஒரு லேசர், முன்னால் மடக்குகிற இரண்டு கால்.

"இது துப்பாக்கியாப்பா, கிறிஸ்துமஸ் மரமா?"

"டெஸ்ஸாவோட தாத்தாது மேடம். பரண்ல கிடந்துச்சாம். உடைஞ்சு போச்சுன்னு மாமா யாரையும் தொட விடலையாம். அவருக்குத் தெரியாம டெஸ்ஸா எடுத்துக் கொடுத்தா. நான்தான் இதெல்லாம் மாட்டிப் பாலிஷ் போட்டேன்."

போட்டிருந்தான் பாருங்கள், முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். சரி என்று பதிவேட்டைத் திறந்தேன். கடையில் ஒரு ராத்திரி தங்குகிற எந்தத் துப்பாக்கியும் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். அது சட்டம். யார் கொடுத்தது, எந்த கம்பெனி, துப்பாக்கியில் பொறித்திருக்கும் நம்பர் என்ன.

"நம்பர் சொல்லு."

பையன் திரும்பிக் கதவைப் பார்த்தான். பிறகு கண்ணாடி மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குசுகுசுவென்று சொன்னான்.

"நம்பர் இல்ல மேடம். நான் அழிச்சுட்டேன்."

"என்னது?"

"வேணும்னு இல்ல! ட்ரம்பெட்டுக்குப் போடற பாலிஷ் போட்டு நாலு நாள் தேய்ச்சேன். நேத்துதான் நம்பர் எங்கன்னு தேடினேன். எங்கேயுமே இல்ல. நம்பர் அழிஞ்ச துப்பாக்கிய கையில வெச்சிருந்தாலே அஞ்சு வருஷம் ஜெயில்னு இன்டர்நெட்ல போட்டிருக்கு. மாமா யாருன்னு உங்களுக்கே தெரியும். அவரு எனக்குப் பொண்ணு கொடுப்பாரா, விலங்கு மாட்டுவாரா? டெஸ்ஸா இல்லாம நான் என்ன பண்ணுவேன்?"

அந்த நிமிஷமே விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். துப்பாக்கியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் காலையிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடையில் இப்படி ஒரு கூத்து தானாக வந்து மாட்டினால் யாருக்குத்தான் ஆசை வராது? ஐந்து நிமிஷம் ஆடவிட்டுப் பார்க்கலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"அய்யய்யோ" என்றேன் மெதுவாக.

"இந்த லைட்டுக்கு எத்தனை வருஷம் மேடம்?"

"லைட்டு மாட்டினதுக்கு ஒண்ணும் கிடையாது."

"லேசருக்கு?"

"அதைப் பார்த்தா அணில் சிரிச்சே சாகும். அதுக்குக் கேஸ் போட முடியாது."

"இந்தக் காலு?"

"பார்க்கச் சகிக்கல. ஆனா என்ன பண்றது, அசிங்கத்துக்குச் சட்டத்துல இன்னும் பிரிவு எழுதலையே."

வாசலில் ஒரு வண்டி கிரீச்சென்று நின்றது. ஆர்லிஸின் வண்டி. அதுவும் கோணலாக நின்றது. அவன் வண்டி கோணலாக நின்று நான் பார்த்ததே இல்லை. கெண்டல் பாய்ந்து துண்டைத் துப்பாக்கிமேல் போட்டு, அதன்மேல் தானே முக்கால்வாசி படுத்துவிட்டான்.

கதவைத் திறந்த வேகத்தில் ஆர்லிஸின் தொப்பி கீழே விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

"எங்கடா அது? டெஸ்ஸா இப்பத்தான் சொன்னா. எங்கப்பா துப்பாக்கிய நீ எடுத்துட்டு வந்தியாமே!"

"சார்" என்று எழுந்து நின்றான் கெண்டல். குரல் ஆடவில்லை. "நான்தான் சார். நம்பரை அழிச்சது நான்தான். டெஸ்ஸாவுக்கு இதுல சம்பந்தமே இல்ல. அவளைத் திட்டாதீங்க."

"வாய மூடு!" என்று கத்தினான் ஆர்லிஸ். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துக் குரலை இறக்கினான். "நீ ஒண்ணும் அழிக்கல. அழிச்சது நான்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆர்லிஸ் என் பக்கம் திரும்பினான்.

"பதினாறு வயசுல துரு எடுக்கறேன்னு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன் வெல்டா. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பயிற்சி கொடுத்தாங்க. நம்பர் அழிச்ச துப்பாக்கி வெச்சிருந்தா உள்ள போகணும்னாங்க. வீட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தா, நம்பரைக் காணோம். அன்னிக்குப் பரண்ல ஏத்தினதுதான்."

"முப்பத்து நாலு வருஷமாவா? யார்கிட்டயாவது கேட்டுத் தொலைய வேண்டியதுதானே?"

"கேட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? நானே போலீசு!"

"சார், அப்பவும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும்" என்று குறுக்கே புகுந்தான் கெண்டல். "அந்த மிச்சத்தை நான்தான் அழிச்சேன்."

"மிச்சம் ஒரு மண்ணும் இல்லடா! சுத்தமா வழிச்செடுத்துட்டேன்."

"ட்ரம்பெட் பாலிஷ் பத்தி உங்களுக்குத் தெரியாது சார்."

"உப்புத்தாளை விடவா உன் பாலிஷ் பெருசு? வெல்டா, என் பேரை எழுது."

"மேடம், என் பேரை எழுதுங்க. நான்தான் கொண்டு வந்தேன்."

"நாளைக்கு உனக்குக் கல்யாணம்டா மடையா! ஜெயிலுக்கு நான் போறேன்."

என்னால் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். சிரிப்பில் முக்காலி வழுக்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, மூச்சு வரவில்லை. இரண்டு குற்றவாளிகளும் பயந்துபோய் ஆளுக்கொரு கையாக என்னைத் தூக்கி விட்டார்கள்.

ஒருவழியாக எழுந்து, சுவரில் ஆணியில் தொங்கிய இன்னொரு பழைய அணில் துப்பாக்கியை எடுத்து மேஜையில் வைத்தேன். அதே கம்பெனி, அதே அச்சு.

"நம்பர் எங்கன்னு கண்டுபிடிங்க, பார்க்கலாம்."

இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு தேடினார்கள். திருப்பினார்கள், கவிழ்த்தார்கள். ஆர்லிஸ் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினான்.

"இதை யாரு மேடம் அழிச்சது?" என்றான் கெண்டல்.

"எவனும் அழிக்கலடா! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டுக்கு முன்னாடி இந்த மாதிரிச் சின்னத் துப்பாக்கிக்கு நம்பர் போட்டே ஆகணும்னு சட்டமே இல்ல. இது தபால்ல ஆர்டர் போட்டு வாங்கின மலிவு ஐட்டம். கம்பெனிக்காரன் நம்பர் போடவே இல்ல. இல்லாத நம்பரை எப்படிய்யா அழிப்பீங்க, மூளை கெட்டவங்களா?"

பதிவேட்டில் நம்பர் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் காட்டினேன். சட்டத்துக்கு அது போதும்.

கெண்டல் துள்ளிக் குதித்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். ஆர்லிஸ் மட்டும் சிரிக்கவில்லை. தாத்தா துப்பாக்கியின் கட்டையைத் தடவிக்கொண்டே நின்றான்.

"ஏழு வயசுல டெஸ்ஸா கேட்டா வெல்டா. தாத்தா துப்பாக்கியோட என்னை அணில் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போப்பான்னு. உடைஞ்சு போச்சுன்னு சொன்னேன். ஒவ்வொரு அக்டோபரும் வேட்டை சீசன்ல கேட்டா. வேற துப்பாக்கி வேண்டாம், அதுதான் வேணும்பா. பதிமூணு வயசுல கேக்கறத நிறுத்திட்டா."

நான் சிரித்ததற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. கெண்டல்தான் கடை போனை எடுத்து, டெஸ்ஸாவின் எண்ணை அழுத்தி, மாமனார் கையில் கொடுத்தான்.

"டெஸ்ஸா" என்றான் ஆர்லிஸ். "அது உடையல கண்ணு. உடையவே இல்ல. நாளைக்கு விடியக்காலைல வர்றியா?"

"அப்பா, நாளைக்கு எனக்குக் கல்யாணம்!" என்று அவள் போட்ட கூச்சல் எங்களுக்கே கேட்டது.

"பதினோரு மணிக்குத்தானே?"

பிறகு என்ன சொன்னாளோ, ஆர்லிஸ் முகம் மலர்ந்தது.

விசையை அப்போதே சரி பண்ணிக் கொடுத்தேன். லைட்டு, லேசர், கால் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பையில் போட்டு மாப்பிள்ளையிடமே கொடுத்தேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு சர்ச்சில் பெண்ணைக் காணோம். பதினொன்றே கால், காணோம். பாதிரியார் கடிகாரத்தைத் தட்டிப் பார்க்கிறார், கெண்டலின் அம்மா கைக்குட்டையைக் கசக்குகிறாள், மாப்பிள்ளை மட்டும் பல்லெல்லாம் தெரிய நிற்கிறான். பதினொன்றரைக்கு வந்தார்கள். வெள்ளைக் கவுனுக்குக் கீழே சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ், தலையில் ஒரு ஓக் இலை.

"எத்தனை?" என்று கேட்டான் கெண்டல், அத்தனை பேர் நடுவில்.

"எனக்கு ரெண்டு, அப்பாவுக்கு ஒண்ணு!" என்றாள் டெஸ்ஸா. சர்ச்சே கைதட்டியது.

ஆர்லிஸ் அவளைக் கைபிடித்து அழைத்துப் போய் மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்தினான். நிறுத்தியவன் கையை விடவில்லை. பாதிரியார் இரண்டு முறை இருமிய பிறகுதான் விட்டான்.