எலாஸ்டிக்கில் தொங்கிய தக்காளி

இந்தத் தடவை தக்காளி காய்க்காவிட்டால் பால்கனி என் வீட்டுக்காரருக்கு. அப்படித்தான் பேச்சு. அவர் லிப்ட் மெக்கானிக். ஸ்பேனர்களையும் கிரீஸ் டப்பாக்களையும் அடுக்குவதற்கு ஒரு பலகையை வாங்கிவந்து என் தையல் மெஷினுக்குப் பின்னால் சாத்தியும் வைத்துவிட்டார். நாற்காலியை நகர்த்தும்போதெல்லாம் அது என் முதுகில் இடித்தது.

பால்கனி என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாது. முதல் தடவை பினாயில் கேனைச் சரியாகக் கழுவாமல் விதை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. அடுத்த தடவை அடியில் ஓட்டை போட மறந்து வேர் அழுகிப்போனது. "வீடு வாடகை, விவசாயம் மட்டும் சொந்தமா?" என்று அவர் கிண்டலடித்தார். சுருக்கென்றது. விடுவேனா?

இந்தத் தடவை எண்ணெய் கேன். பக்கவாட்டில் வெட்டி, கம்பியைக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பினேன். வெயில் வெளியேதான் விழுகிறது என்பதால் கிரில்லின் கீழ்க்கம்பியில் கட்டி வெளியே தொங்கவிட்டேன். கயிறு வாங்கக் கடைக்கு யார் போவது? பாவாடைக்கும் பைஜாமாவுக்கும் வாங்கிய எலாஸ்டிக் ஒரு கட்டு கையருகிலேயே கிடந்தது. நாலு மடிப்பாக மடித்து மெஷினில் ஓட்டிவிட்டேன். யானையையே கட்டலாம் போலிருந்தது.

செடி கிடுகிடுவென்று வளர்ந்தது. சாயங்காலம் தண்ணீர் ஊற்றியதும் கேன் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். மண் காய்ந்ததும் மேலே வந்துவிடும். எலாஸ்டிக்கோடு பிழைப்பு நடத்துகிறவளுக்கு அது உறைத்திருக்க வேண்டாமா? செடிக்குச் சத்து ஏறிக் கனம் கூடுகிறது என்று பூரித்துக்கொண்டிருந்தேன்.

முதல் பழம் சிவந்தது. பறித்து அவர் தட்டில் வைத்துவிட்டு என்ன சொல்ல வேண்டும் என்று வசனமெல்லாம் தயார். காலையில் பார்த்தால் வெறும் காம்பு!

காக்கை என்றால் கொத்திய மிச்சமாவது கிடக்குமே. கேனை மேலே தூக்கினேன். அடிப்பக்கம் ஒடிந்திருந்த ஒரு கிளையில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியைச் சுற்றி, பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருப்பவள் நர்ஸ். எனக்குப் புரிந்துவிட்டது.

தடதடவென்று படியிறங்கிக் கதவைத் தட்டினேன். "யாரு செடியில யாரு கை வைக்கிறது?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க எனக்காகத்தான் தினமும் இறக்கி விடுறீங்கன்னு நெனச்சேன்க்கா. சாயங்காலமானா ஜன்னல்கிட்ட வந்து நிக்கும். குடிவந்ததுலேர்ந்து இங்க யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நம்மளயும் ஒருத்தர் நெனக்கிறாங்களேன்னு..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் பலகை போகவில்லையே!

"பழம் எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப ருசிக்கா. உப்புகூட தொட்டுக்கல."

"அத மேல வந்து சொல்லு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "தக்காளி காய்ச்சிடுச்சு" என்றேன். "காய்ச்சிடுச்சா? எங்க, காட்டு பாப்போம்."

"பழம் இல்ல. தின்னவளையே கூட்டிட்டு வந்திருக்கேன், கேட்டுக்கோங்க."

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் கேனில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். அது மெல்ல இறங்கி நர்ஸின் ஜன்னலருகே போய் நின்றது. "அடிப்பாவி, லிப்டே போட்டிருக்கியே! நான் ரிப்பேர் பாக்குறதெல்லாம் பாதியில நின்னுடுது. இது கரெக்டா மாடி பாத்து நிக்குது" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "சரி, தோத்துட்டேன். நல்ல கம்பியாப் போட்டு ஆடாம கட்டித் தரேன்" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம். மொதல்ல அந்தப் பலகைய எடுங்க."

அடுத்த காய் பழுத்தது. அன்று சாயங்காலம் வேண்டுமென்றே ஒரு சொம்பு தண்ணீர் கூடுதலாக ஊற்றினேன்.