வைட்டமின் டப்பா

1

இந்தக் கதை பேருந்தில் பிறந்தது. முன் இருக்கையில் இரண்டு மாணவிகள். "அவளா? அவ மாத்திரை கேஸுடி," என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள், இறங்கிப் போனார்கள். அந்த 'அவள்' மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

2

அவள் கண்களில் சொல்லமுடியாத சோகம்…

(அடித்துவிட்டேன். மனநோய் என்றாலே கண்ணில் சோகத்தை வைத்துவிடுவது என் கையின் கெட்ட பழக்கம்.)

இவள் வாயாடி. சிரித்தால் பல்கலைக்கழக விடுதியின் மாடி முழுக்கக் கேட்கும். போன வருடம் படுக்கையை விட்டு எழ முடியாமல் பருவத்தேர்வைக் கோட்டை விட்டாள். மஞ்சள் காமாலை என்று வீட்டில் சொல்லிவைத்தார்கள். அதற்கென்றால் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். உண்மையில் அவளை மறுபடி வகுப்பில் உட்காரவைத்தது மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரை.

3

அப்பா மருந்துக்கடைக்காரர். கடையில் ஒரு மாத்திரை டப்பா மாறிக் கிடந்தால் வேலையாளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அந்த மனிதரே மகளின் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, வைட்டமின் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

"யாராவது கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லு கண்ணு. நாலு பேரு* நாலு விதமா பேசுவாங்க."

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன். மனசு வரவில்லை. பயந்துபோன அப்பா, அவ்வளவுதான்.)

* இந்த நாலு பேரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பேருந்தில் இரண்டு பேர் கிடைத்தார்கள்.

4

தேர்வு நேரம். அறைத்தோழிக்கு ஒரே அசதி. இவள் குளித்துவிட்டு வரும்போது தோழியின் ஒரு கையில் மாத்திரை, மறு கையில் தண்ணீர்.

"உன் வைட்டமின் ஒண்ணு எடுத்துக்கிட்டேன்டி."

"டேட் முடிஞ்சிருச்சு" என்று ஒரு பொய்…

(எடுபடாது. இவள் தினமும் அதைப் போடுவதைத் தோழி பார்த்திருக்கிறாள்.)

"போடாத! அது வைட்டமின் இல்ல."

"பின்ன?"

"மனசு சரியில்லாததுக்குப் போடுற மாத்திரை. என்னோடது."

5

முதல் முடிவு: தோழி கட்டிக்கொண்டு அழுகிறாள். நான் நம்பவில்லை.

இரண்டாவது: வேறு அறை கேட்டு வார்டனிடம் போகிறாள். நம்புகிறேன், எழுதத்தான் கை வரவில்லை.

ஆகவே இதுவரைதான் எழுதியிருக்கிறேன்: தோழி மாத்திரையை டப்பாவில் திரும்பப் போட்டு, மூடியை இறுக்கிவிட்டு, வாயைத் திறக்கிறாள். என்ன சொல்கிறாள் என்பதை நீங்கள் சொல்லுங்கள். ஈரத்தலையோடு இவள் நின்றுகொண்டிருக்கிறாள்.

யோசித்துச் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் யோசிப்பதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.