பொட்டு வைத்த யானை

ஆயுதபூஜை வந்தால் என் கணவர் சீனுவுக்குக் கை சும்மா இருக்காது. மறைமலைநகர் தொழிற்சாலையில் இருக்கிற எந்திரத்துக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார். ஸ்கூட்டர், மிக்சி, தையல் மிஷின், எதுவும் தப்பாது. 2001-இல் என் தபால்தலையும் தப்பவில்லை.

நான் சேர்ப்பது ஒரே வகைதான். பல நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில், சிங்கத்தையும் யானையையும் கண்ணால் பார்க்காதவர்கள் காதால் கேட்டதை வைத்து வரைந்தார்கள். அந்தப் படங்கள் போட்ட தபால்தலைகள். மனுஷ மூஞ்சி சிங்கம், கால் முளைத்த திமிங்கிலம். யானைதான் என் செல்லம். குட்டைக் கால், சுண்டைக்காய்க் காது, மூக்கில் ஒரு ஊதுகுழல்.

"இது பன்னிடி. மகாபலிபுரத்துல கல்லு யானையே யானை மாதிரி கீது," என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார் சீனு, நான் சீறுவேன் என்று தெரிந்தே.

செங்கல்பட்டு தபால்தலைக் கண்காட்சியில் முதல் முறையாக எனக்கு இடம் கிடைத்திருந்தது. விஜயதசமியன்று தபால்தலை ஒட்டிய பக்கங்களைக் கொடுக்க வேண்டும். முதல் நாள் பூஜையில் புத்தகங்களோடு அவற்றையும் வைத்துவிட்டு, சுண்டல் எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் யானை நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிகீற?"

"பூஜையில வெச்சா பொட்டு வெக்க மாட்டாங்களா?"

துடைக்கவும் வழியில்லை. பூஜையில் வைத்ததை மறுபூஜை முடியாமல் தொடக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். காலையில் சந்தனம் உதிர்ந்தது, சிவப்பு போகவில்லை. ஈரப்பஞ்சு வைத்தால் இன்னும் பரவியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் கவனித்தேன், சிங்கத்துக்குப் பொட்டு இல்லை, திமிங்கிலத்துக்கும் இல்லை.

"இதுக்கு மட்டும் ஏன் வெச்ச?"

"யானையாச்சே. புள்ளையாருக்கு வெக்காம?"

"பன்னின்னு சொன்ன?"

சீனு தலையைச் சொறிந்தார். "நீதான் வருஷக்கணக்கா யானை யானைன்னு சொல்லிகினு கீறியே."

பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது. பக்கங்களைச் சுருட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினேன்.

கண்காட்சிப் பொறுப்பாளர் ராமானுஜம் யானையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "கறை பட்டிருக்கும்மா. இந்தப் பக்கத்தை எடுத்துடுங்க. இருந்தா பரிசுக்கே பார்க்க மாட்டாங்க."

"பரிசு வேணாம் சார். யானை இல்லாம மீதியையும் மாட்ட மாட்டேன்."

அவர் விதிமுறை சொன்னார். நான் நகரவில்லை. பின்னால் வரிசை நீண்டதும், வாசல் ஓரத்துப் பலகையைக் காட்டிவிட்டுப் போனார். அங்கே மாட்டினேன்.

கூட்டம் வந்தது. சிங்கத்தைப் பார்த்து "இன்னா மிருகம் இது?" என்று கேட்டார்கள். திமிங்கிலத்தை முதலை என்றார்கள். யானையை மட்டும் என்னவென்று யாரும் கேட்கவில்லை. திருப்போரூர் கோயில் பிரசாதப் பையோடு வந்த ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் சீனு மீசைக்குள் சிரித்தார்.

இத்தனை நூறு வருஷத்தில் அதை யானை என்று ஒரு ஊரே ஒப்புக்கொண்டது எங்கள் செங்கல்பட்டில்தான்.