படகின் வால் பக்கம்

தங்கை பேர் வாங்கினால் அக்காவுக்கு வயிறு எரிவது உலகத்தில் நடக்காத விஷயமா என்ன? ஆனால் ஒரு மரக்கட்டையைப் பார்த்து வயிறு எரிந்தவள் இந்த அக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அக்கா நடனமாடியவள். தங்கை சிற்பி. சின்ன வயதிலிருந்தே கையில் ஏதாவது ஓர் ஆணி இருக்கும் என்பதால் வீட்டில் அவளுக்குப் பெயரே ஆணிதான். கரையில் காத்திருக்கும் பெண்ணைப் பற்றி அக்கா ஒரு நடனம் அமைத்தபோது, மேடைக்கு ஒரு படகு செய்து கொடுடி என்று கேட்டாள். ஆணி கொண்டுவந்து போட்டதோ துடுப்பும் இல்லாத, பக்கப் பலகையும் இல்லாத, பிறை போல வளைந்த ஒற்றை மரம். இதுவா படகு என்று அக்கா சண்டைக்குப் போனாள். வால் பக்கம் உட்கார்ந்து பார் என்றாள் ஆணி. உட்கார்ந்ததும் மூக்குப் பக்கம் மெல்ல எழும்பி, அந்தரத்தில் நின்று அசைந்தது. அவள் இறங்கினால் மூக்கு தடாலென்று தரையில் விழும். நடனமும் அப்படித்தான் முடியும். அந்தச் சத்தத்துக்குத்தான் கைதட்டல்.

அக்காவின் எடைக்கென்றே செதுக்கிய மரம் அது. ஆட்டத்தன்று ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாலும் வால் தாழ்ந்துவிடும். அதனால் ஆணி சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்திலேயே காவல் நிற்பாள். என்னைவிட இந்தக் கட்டை மேல்தான் இவளுக்கு உயிர் என்று அக்கா அப்போதே பொருமியிருக்கிறாள்.

பிறகு முழங்கால் போயிற்று, நடனக் குழு கலைந்தது, அக்கா வீட்டோடு இருந்துவிட்டாள். கட்டையோ காட்சிக்கூடத்துக்குப் போய்விட்டது! பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குப் படம். ‘ஆளே இல்லாமல் ஆடும் சிற்பம்’ என்று எழுதியிருந்தான் ஒரு புண்ணியவான். என்ன, உன் தங்கச்சி பெரிய ஆளாயிட்டாளாமே என்று வாய் தவறிக் கேட்ட கணவருக்கு அன்று காப்பி கிடைக்கவில்லை.

பேர் போனதுகூடப் போகட்டும். படத்தில் மூக்கு அந்தரத்தில் நின்றதே, அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. வால் பக்கம் படத்தில் விழவேயில்லை; ஆளே இல்லையாம், யார் நம்புவார்? அவள் உட்காராமல் அது எழும்பாது. அப்படியென்றால் அவள் இடத்தில் யார்? எவளையோ கூட்டிவந்து பழக்கிவிட்டாளா? இதைக் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை என்று, கண்காட்சி திறக்கும் நாள் காலையில் எல்லாருக்கும் முந்திப் போய் நின்றாள்.

சிற்பியின் அக்கா என்றதும் காவலாளி உள்ளே விட்டார். தொடாதீங்கம்மா என்று சொல்லிவிட்டு ஜன்னல்களைத் திறக்கப் போனார். கூடத்தின் நடுவே, கயிற்று வேலிக்குள், கட்டை மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றது. வால் பக்கம் யாருமில்லை. அக்கா கயிற்றைத் தாண்டி, வலிக்கிற முழங்காலை மடக்கிக் குனிந்து பார்த்தாள். வாலின் அடியில் குடைந்த பள்ளத்தில், கறுப்புத் துணியில் கட்டிய ஒரு மணல் மூட்டை தொங்கியது.

எவளாவது ஒருத்தி இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். போயும் போயும் மணலா? ஆத்திரத்தில் முடிச்சை அவிழ்த்து மூட்டையை இழுத்துவிட்டாள். மூக்கு இறங்கத் தொடங்கியது. விழுந்தால் மரம் பிளந்துவிடும் என்ற பயத்தில், பழைய பழக்கத்தில், சட்டென்று வாலில் உட்கார்ந்தாள். வால் பொத்தென்று தரையில் இடித்தது. மூக்கு விளக்கை முட்டுகிற மாதிரி மேலே போய் நின்றுவிட்டது. அசைவு என்பதே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆணி ஒரு பத்திரிகைப் படக்காரனோடு உள்ளே வந்தாள். விவரம் தெரியாத அவன், கொஞ்சம் தள்ளிக்கொண்டால் சிற்பத்தைப் படம் எடுத்துக்கொள்கிறேன் என்று மரியாதையாகத்தான் கேட்டான். அக்காவுக்கு முகம் கன்றிப் போயிற்று.

"அவங்க எறங்கினா விழுந்துடும்," என்றாள் ஆணி.

"என் எடத்துல மண்ண வெச்சிருக்கியேடி. அவ்வளவுதானா நான் உனக்கு?"

ஆணி மூட்டையை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள். "மண்ணுதான். ஆனா கடைசி ஆட்டத்தன்னைக்கு உன்னை நிறுத்துப் பாத்தோமே, அந்த எடைதான்க்கா. வேற எந்த எடைக்கும் இது ஆட மாட்டேங்குது."

அக்கா மூட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். இவ்வளவுதானா இருந்தேன்? பிறகு உட்கார்ந்தபடியே குனிந்து, அதை வாலின் அடியில் தானே கட்டிவிட்டு எழுந்தாள். கட்டை இறங்கி, பழைய இடத்துக்கு வந்து, மெல்ல அசைந்தது. அழகாகத்தான் இருந்தது, பாழாய்ப்போனது. வயிறு இன்னும் எரிந்தது. ஆனால் இப்போது தங்கை மேலும் இல்லை, மரத்தின் மேலும் இல்லை.

அவள் கயிற்றுக்கு வெளியே வந்து நின்றதும் படக்காரன் படம் எடுத்துக்கொண்டான். முன்பு இதில் ஆடியது யார் என்று கேட்டான். ஆணி வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"ஒல்லியா ஒருத்தி இருந்தா. நல்லா ஆடுவா."