கொடிக்கம்பியும் ஊசி நோட்டும்

கிட்டுசாமியின் பனியன் கம்பெனியில் தையல் மிஷினின் ஊசி ஒன்று உடைந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு டெய்லர், ஊசி நோட்டு வைத்திருக்கும் செல்லத்தாயிடம் வரவேண்டும். அவள் துண்டுகளை வரிசையாகச் சேர்த்துவைத்துப் பார்ப்பாள். முழு ஊசியாகப் பொருந்தினால் நோட்டில் வைத்து செலோ டேப் ஒட்டி, தேதி, மணி, மிஷின் நம்பர், பேர், கையெழுத்து எல்லாம் வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்பாள். கடுகளவு முனை குறைந்தாலும் கிடையாது. எங்கோ வெளிதேசத்தில் ஒரு குழந்தையின் சட்டைக்குள் அந்த முனை போய்க் குத்திவிட்டால் ஆர்டர் மொத்தமும் போய்விடும் என்று முதலாளிக்குப் பயம். முதலாளி பயந்தால் கம்பெனியே பயப்பட வேண்டியதுதானே.

தொலைந்த முனையைத் தேட அவள் கழுத்தில் நாடா கட்டி ஒரு காந்தம் எப்போதும் தொங்கும். எட்டு வருஷமாக இதுதான் வேலை. ஒருதரம் ஒரு டெய்லரம்மாவின் கொண்டைக்குள்ளிருந்து முனையை எடுத்துக் கொடுத்தாள், அன்று முழுக்க எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளுக்குத் தெரிந்த நியாயம் ஒன்றே ஒன்று. துண்டை ஒளித்தவனுக்கு வேலை போகும், துண்டு குறையாமல் கொண்டுவந்து வைத்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். கம்பெனிக்கு வெளியே உலகம் வேறு மாதிரி நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த வியாழக்கிழமை காலையில் வேலம்பாளையத்தில் பாதி ஊருக்குக் கரண்ட் இல்லை. ஓடைப் பக்கம் மூன்று கம்பத்துக்கு இடையிலிருந்த அலுமினியக் கம்பியை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சனிக்கிழமை கன்டெய்னர் ஏற்றியாக வேண்டும். ஜெனரேட்டர் டீசலைக் குடித்துக்கொண்டிருக்க, கிட்டுசாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். டீ நேரத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவர் சத்தம் போட்டார்.

மூன்று வருஷம் முன்னால் வந்த மின்சாரச் சட்டத்தில் இதற்கென்றே தனியாக ஒரு பிரிவு இருக்கிறதாம். மூன்று வருஷம் வரை ஜெயிலாம். அறுத்தவனுக்கு மட்டுமில்லை, வாங்கினவனுக்கும் வீட்டில் வைத்திருந்தவனுக்கும் அதே கதிதானாம். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன்னாலும் இப்படித்தான் ஒரு பக்கம் அறுத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது செல்லத்தாய்க்குத் திக்கென்றது. சாயங்காலத்துக்குள் போலீசும் லைன்மேனும் வந்து வரிசையாக ஒட்டிக் கட்டின லைன் வீடுகளைப் பார்க்கப் போகிறார்கள் என்றும் சொன்னார். திருட்டு எங்கே நடந்தாலும் முதலில் தெற்கத்தி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீட்டைத்தான் பார்ப்பார்கள். மாடி வீட்டுக்குள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அது எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை, ஆனால் எழுதின சட்டத்தைவிட ஒழுங்காக நடக்கும்.

செல்லத்தாய்க்குத் தன் வீட்டுக் கொடி ஞாபகம் வந்தது. அவள் வீட்டு வாசலில் துணி காயப்போடும் கொடி, வெள்ளி மாதிரி மினுங்கும் கம்பி. பத்து நாளுக்கு முன் அவள் புருஷன் முனீஸ் வேலை முடிந்து வரும்போது சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, "கெடந்துச்சு, எடுத்தேன்" என்றான். கயிறு வாங்கு, கயிறு வாங்கு என்று ஒரு மாசமாக அரித்தெடுத்தவளும் அவள்தான், அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை. இப்போது கேட்கலாமென்றால் ஆள் இல்லை. அண்ணன் மகளுக்குக் காதுகுத்து என்று செவ்வாய்க்கிழமையே அருப்புக்கோட்டைப் பக்கம் ஊருக்குப் போய்விட்டான். ஒரு ரூபாய் போனில் ஊர்க் கடைக்குப் பேசினாள். எல்லோரும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

முனீஸ் கோபக்காரன், சோம்பேறி, சீட்டாட உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டான். ஆனால் கம்பத்தில் ஏறிக் கம்பியை அறுக்கிறவன் இல்லை. முதலில் அவனால் கம்பத்தில் ஏறவே முடியாது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியுமா? மூன்று வருஷம் அவன் உள்ளே போனால் ஏழாவது படிக்கிற வேல்விழியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, கம்பெனியில் பனியனுக்கு நூல் பிசிறு வெட்ட அனுப்ப வேண்டியதுதான். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு நதியா விஷயத்தைக் கேட்டதும், சாக்கில் கட்டி ஓடையில் வீசிவிடு என்று நல்ல யோசனை சொன்னாள். ஊரில் பத்துக்கு ஒன்பது பேர் அதைத்தான் செய்திருப்பார்கள். செல்லத்தாய் பத்தாவது ஆள். ஒளித்தால்தான் குற்றம், முழுசாகக் கொண்டுபோய் வைத்தால் கேள்வி இல்லை என்று எட்டு வருஷம் ஊறிப்போன புத்தி அவளை விடவில்லை.

குனிந்து நிமிரும்போது இடிக்கிறதென்று காந்தத்தை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். வாசல் கொடியை அவிழ்த்துச் சுருட்டினாள். முனீஸ் அதில் துண்டு துண்டாக வெட்டி வேறு வைத்திருந்தான். கக்கூஸ் கதவுக்குக் கொக்கியாக ஒன்று, உடைந்த வாளிக்குப் பிடியாக ஒன்று, ஜன்னலில் ஒன்று, நதியா வீட்டு டிவி ஆன்டெனாவை இழுத்துக்கட்ட ஒன்று. ஆன்டெனாக் கம்பியை அவிழ்த்தபோது நதியாவின் மாமியார் மெகா சீரியல் போச்சென்று புலம்பினாள். ஐந்து துண்டையும் தரையில் போட்டு, வெட்டின முனையோடு முனை பொருந்துகிறதா என்று பார்த்தாள். பொருந்தியது.

வேல்விழியின் ரஃப் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, ஊசி நோட்டில் எழுதுகிற மாதிரியே தேதி, மணி, எடுத்தவர் பேர், துண்டு ஐந்து, குறைவு இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். பிறகு எல்லாவற்றையும் ஒரு கட்டைப் பையில் போட்டுக்கொண்டு கரண்ட் ஆபீசுக்கு நடந்தாள். தானாகப் போய்த் தலையைக் கொடுப்பது என்பார்களே, அது இதுதான்.

ஆபீசில் இன்ஜினியர் இல்லை, கம்பி போன இடத்துக்குப் போயிருந்தார். புகார் எழுத வந்த போலீஸ்காரர் பெரியகருப்பன் மட்டும் மேஜையில் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். செல்லத்தாய் பையிலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வரிசையாக வைத்து, பக்கத்தில் தாளையும் வைத்தாள். இருபது வருஷ சர்வீசில் திருட்டுப் பொருளுக்கு ரசீது எழுதிக்கொண்டு வந்த ஆளை அவர் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் கம்பியையும் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

கேட்டதற்கெல்லாம் அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். புருஷன் பேர் முனீஸ். பனியன் தேய்க்கிற அயர்ன் மாஸ்டர். கம்பி வந்து பத்து நாள் ஆகிறது. அவர் ஊருக்குப் போயிருக்கிறார். அந்த இடத்தில் பெரியகருப்பன் பேனாவை நிறுத்தினார். பத்து நாளுக்கு முன்னால் ஒரு திருட்டு, நேற்று ஒரு திருட்டு, ஆள் ஊரில் இல்லை. அவர் கணக்குக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

"எல்லாத்தையும் முழுசாக் கொண்டாந்துட்டேன் சார். ஒரு துண்டு கொறையல. அப்ப தப்பு இல்லைல்ல?" என்று கேட்டாள் செல்லத்தாய்.

"திருப்பிக் கொடுத்துட்டா திருட்டு இல்லைன்னு உனக்கு யாரும்மா சொன்னது? இது ஒங்க பனியன் கம்பெனி இல்ல. வெச்சிருந்ததுக்கே கேஸ் உண்டு."

 எட்டு வருஷமாக அவள் நம்பின நியாயம் இந்த மேஜையில் செல்லவில்லை. புருஷனைத் தன் கையாலேயே பிடித்துக் கொடுத்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. பேசாமல் நதியா சொன்னபடி ஓடையில் வீசியிருக்கலாம். என்ன செய்கிறோம் என்று தெரியாமல், எல்லாவற்றையும் திரும்ப அள்ளிக்கொண்டு போய்விடலாம் என்பது போல மேஜைமேல் குனிந்து கம்பிச் சுருளைப் பிடித்தாள். முதுகிலிருந்த காந்தம் தோள் வழியாக முன்னால் சரிந்து டக்கென்று கம்பியில் ஒட்டிக்கொண்டது.

அவள் இழுத்தாள். வரவில்லை. நாடா கழுத்தை வெட்ட, சுருளோடு சேர்ந்து நிமிரவும் முடியாமல் குனிந்தபடி நின்றாள்.

வெளியே கம்பி மாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்த ஃபோர்மேன் சென்னிமலை இந்தக் கோலத்தை வாசலிலிருந்தே பார்த்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க ஏட்டய்யா, அலுமினியத்துல காந்தம் ஒட்டுமுங்களா?"

பெரியகருப்பன் பேனாவைக் கீழே வைத்தார்.

"களவு போனது அலுமினியமுங்க. இது துத்தநாகம் பூசுன இரும்புக் கம்பி. கம்பத்துலிருந்து ஊட்டுக்குப் போற ஒயரு தொங்காம இருக்கக் கூடவே கட்டி இழுக்கறது. அம்மிணி, நீங்க கருப்பாத்தாள் அம்மா லைன் வீட்டுலயா குடி இருக்கறீங்க?"

ஆமாம் என்று அவள் தலையாட்ட, தலையோடு கம்பியும் ஆடியது. சென்னிமலைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போன மாசம் அந்த வீட்டுக்குப் புது ஒயர் மாட்டியதே அவர்தானாம். பழைய கம்பி வீட்டுச் சொந்தக்காரி கருப்பாத்தாள் காசு கொடுத்து வாங்கினது, மின்வாரியத்துக்கு அதில் பாத்தியதை கிடையாது. என்ன செய்ய என்று கேட்டதற்கு அந்த அம்மாள், வைக்க இடமில்லை, சுவரோரம் போட்டுவிடுங்கள், யாருக்காவது ஆகும் என்றாளாம். சுவரோரம் போட்டவரும் அவரே. யாருக்கு ஆனது என்று இப்போதுதான் தெரிகிறது என்றார்.

அவர் கம்பியிலிருந்து காந்தத்தைப் பிய்த்துவிட, செல்லத்தாய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு வருஷமாகக் காந்தத்தோடு தின்று தூங்கியவள், கொடியில் ஒருதரம் அதை வைத்துப் பார்த்திருக்கலாம். தோன்றவே இல்லை. பயம் வந்தால் தெரிந்த தொழிலும் மறந்துபோகிறது. கெடந்துச்சு, எடுத்தேன் என்று முனீஸ் சொன்னது அத்தனையும் நிஜம். அந்த நிமிஷத்தில் அவன் மேல் அவளுக்கு வந்த பிரியம், கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை. அவள் வாய்விட்டு அழுதாள். சென்னிமலை சொம்புத் தண்ணீரை அவளிடம் கொடுத்தார்.

பெரியகருப்பனும் கெட்டவர் இல்லை. எழுதின தாளை எடுத்து நாலாக எட்டாகக் கிழித்து ஜன்னல் பக்கம் போட்டார். ஒன்றுமில்லை, நீ போம்மா என்றார்.

அவள் போகவில்லை. தண்ணீரைக் குடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தரையில் கிடந்த தாள் துண்டுகளைக் குனிந்து பொறுக்கினாள். மேஜைமேல் பரப்பி ஒன்றோடொன்று சேர்த்துவைத்தாள். வேலம்பாளையம் வந்தது, அயர்ன் மாஸ்டர் வந்தது. நடுவில் ஒரு துண்டு இல்லை.

"எம்புட்டுத் துண்டு சார் கிழிச்சீக?"

"அதான் கிழிச்சாச்சே. இன்னும் என்ன?"

"எங்க வீட்டுக்காரர் பேரு இருக்கற துண்டக் காணோம் சார். அது கெடைக்காம நான் போகமாட்டேன்."

சென்னிமலை மேஜைக்கு அடியில் தேடினார். பெஞ்சை நகர்த்திப் பார்த்தார். அவள் கண் மட்டும் பழகின மாதிரி தரையை ஓரத்திலிருந்து ஓரம் துழாவிக்கொண்டு வந்து, போலீஸ்காரரின் பூட்ஸில் நின்றது. பெரியகருப்பன் காலைத் தூக்கினார். முனீஸ் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தான்.

அதை எடுத்து இடத்தில் வைத்தாள். தாள் முழுசாகப் பொருந்தியது. எட்டுத் துண்டையும் அள்ளி இடுப்பில் முடிந்துகொண்டு, ஐந்து துண்டுக் கம்பியையும் பையில் போட்டுக்கொண்டு, முதலில் நதியா வீட்டு ஆன்டெனாவைக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தபடி செல்லத்தாய் வெயிலில் இறங்கி நடந்தாள்.