பதினான்காம் புத்தகத்தின் பின்பக்கம்

"அம்மாவ இப்படிப் பேசாத, சொல்லிட்டேன்."

"நான் என்ன பேசிட்டேன்? குழந்தையைக் குடுத்துட்டாங்கன்னுதான் சொன்னேன்."

"செத்துப் போச்சுன்னு அம்மாவே சொன்னாங்கல்ல? அறுபத்தொரு வருஷம் கழிச்சுத் தோண்டறதுக்கு உனக்கு என்ன வேண்டுதலா?"

"பசிச்சா போய்ச் சாப்பிட்டுட்டு வாடா. அஞ்சு வயசுலயும் இப்படித்தான், பசி வந்தா கத்துவ."

வாசிப்பறையில் மெதுவாகப் பேச வேண்டும் என்று பலகை மாட்டியிருக்கிறோம். நான் எழுந்துபோய்ச் சொல்லவில்லை. அந்த அக்காவையும் தம்பியையும் தவிர அன்று அங்கே யாரும் இல்லை. அக்காவுக்கு எழுபது இருக்கும். தம்பிக்கு நாலைந்து வயது குறைவு.

எங்கள் ஊர் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கட்டடம் முன்பு காய்ச்சல் ஆஸ்பத்திரியாக இருந்தது. வரைபடங்கள் வைத்திருக்கும் அறைதான் குழந்தைகள் வார்டு. தோள் உயரத்துக்கு வெள்ளை ஓடு, அதற்கு மேல் கட்டில் எண்கள் எழுதிய தகரத் துண்டுகள். மழைக்காலத்தில் சுவரெல்லாம் வியர்க்கும். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளும் எங்களிடமே தங்கிவிட்டன.

அக்கா ஒரு பழுப்புச் சீட்டை நீட்டினார். அம்மாவின் பெட்டியில் கிடைத்ததாம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கொடுத்த அனுமதிச் சீட்டு. கட்டில் எண் இருபத்தேழு, ஆண் குழந்தை, எட்டு மாதம்.

"எங்க கடைசித் தம்பி. அம்மாவும் இதே ஆஸ்பத்திரியிலதான் கிடந்தாங்க. திரும்பி வரும்போது கையில குழந்தை இல்ல. செத்துப் போச்சுன்னாங்க. நானும் நம்பினேன். அப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சு எங்க சித்தி வாய்தவறி, அத யாருக்கோ குடுத்துட்டாங்கன்னு உளறிட்டாங்க. அம்மாகிட்ட கேட்டேன். சுவரைப் பாத்து திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. அதோட சரி. கடைசி பதினோரு வருஷம் நான் அவங்க முகத்துல முழிக்கல."

"சாவுக்குத்தான் வந்தா," என்றார் தம்பி என்னிடம்.

சீட்டின் தேதியைப் பார்த்து, பதினான்காம் எண் பதிவேட்டை எடுத்து வந்தேன். அழகான கையெழுத்து. கட்டில் இருபத்தேழு கிடைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடைசிக் கட்டத்தில் இப்படி இருந்தது: ஒப்படைக்கப்பட்டது. பின்பக்கம் 31 பார்க்க.

காலையிலிருந்து செத்துப் போச்சு என்று அடம்பிடித்த தம்பி, அந்த வார்த்தையின்மேல் விரலை வைத்தார். விரலை எடுக்கவே இல்லை.

"அப்ப உயிரோடதான் போயிருக்கான்."

"பின்பக்கம்னு போட்டிருக்கே, திருப்பும்மா," என்றார் அக்கா.

திருப்பினேன். எல்லாம் வெறும் தாள். அப்போதுதான் எனக்கு இன்னொரு வரிசை ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரிப் பதிவேடுகள் எங்களிடம் இரண்டு வரிசையாக இருந்தன. வார்டில் அன்றன்றைக்குக் கிறுக்கியது ஒன்று. அதைப் பார்த்துக் குமாஸ்தா அதே எண் போட்டு நிதானமாக எழுதிய சுத்தப் பிரதி இன்னொன்று. இரண்டு வருடம் முன்பு கூரை ஒழுகி ஒரு அறையையே காலி செய்ய வேண்டி வந்தது. ஒரே விஷயம் இரண்டு புத்தகத்தில் இருந்தால் ஒன்றைக் கழிக்கலாம் என்று உத்தரவு. வரிசையின் முதல் இருபது பக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். பார்த்தேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. கிறுக்கல் வரிசையைப் பழைய பேப்பருக்குப் போட்டேன். பட்டியலில் என் கையெழுத்துதான் இருக்கிறது.

தாளை மிச்சம் பிடிக்க அந்தக் காலத்தில் வார்டு ஆட்கள் புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டி, பின்னாலிருந்து வேறொரு பதிவு எழுதுவார்கள். இது எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் புரட்டிப் பார்க்கவில்லை. குழந்தைகளை ஒப்படைத்த பதிவு அந்தப் பின்பக்கத்தில்தான் இருந்திருக்கிறது; குமாஸ்தா அதைப் படியெடுக்கவில்லை. நான் பார்த்த முதல் இருபது பக்கம் ஊரில் காய்ச்சல் பரவுவதற்கு முந்தைய நாட்கள். அப்போது யாரையும் ஒப்படைக்கவில்லை, அதனால் இந்தக் குறிப்பும் என் கண்ணில் படவில்லை.

வார்டில் எழுதிய புத்தகம் தனியாக ஒன்று இருந்ததென்று சொன்னேன்.

"அந்தப் புத்தகம் எங்க?" என்றார் அக்கா.

ஈரத்தில் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

"நான்தான் தூக்கிப் போட்டேன்மா," என்றேன்.

தம்பி எழுந்துவிட்டார். "முழுசாப் பாக்காமலா கையெழுத்துப் போட்டீங்க? சம்பளம் வாங்கறீங்கல்ல?"

"அவங்கள ஏன்டா திட்டற. பதினோரு வருஷம் நான் மட்டும் என்ன விசாரிச்சுக் கிழிச்சேன்." அக்கா என் பக்கம் திரும்பினார். "அதுல அம்மா கைநாட்டு இருந்திருக்குமா?"

ஆஸ்பத்திரி விதிப்புத்தகம் எங்களிடம் இருக்கிறது. கொடுப்பவரும் வாங்குபவரும் கைநாட்டோ கையெழுத்தோ வைக்க வேண்டும். தாய் நினைவில்லாமல் கிடந்தால் பெரிய டாக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம். அதை அப்படியே சொன்னேன்.

"அப்ப அம்மாவுக்குத் தெரியாமலே நடந்திருக்கலாமா?"

"இருக்கலாம்மா. தெரிஞ்சும் நடந்திருக்கலாம்."

அவர் அழவில்லை. சீட்டை மடித்துப் பையில் வைக்கப் பார்த்தார். பையின் வாய் எங்கே இருக்கிறதென்றே கைக்குத் தெரியவில்லை. தம்பிதான் வாங்கி வைத்தார்.

மறுநாள் பழைய பேப்பர் கடைக்குப் போனேன்.

"எல்லாம் அரைவைக்குப் போயிருச்சு மேடம். தோல் வச்ச தடிப் புத்தகம் மட்டும் பத்துப் பன்னெண்டு ஒருத்தர் பொறுக்கிட்டுப் போனாரு. ஓட்டல் அலமாரில அழகுக்கு அடுக்குவாங்களாம்."

"யாருன்னு தெரியுமா?"

"வண்டில வந்தாரு, போனாரு. மாப்பிள்ளையா பாத்தேன், மூஞ்சிய ஞாபகம் வச்சுக்க?"

நாலு மாதமாகக் கண்ணில் படும் ஓட்டலுக்கெல்லாம் ஏறி இறங்குகிறேன். அக்கா வாரம் ஒருமுறை போன் செய்வார். "ஏதாவது?" என்பார். இல்லை என்பேன். வைத்துவிடுவார். போன வாரம் தம்பி பேசினார். அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம்.

கரும்பச்சைத் துணி அட்டை, மூலைகளில் சிவப்புத் தோல், முதுகில் 14 என்ற எண். ஓட்டலிலோ கடையிலோ யார் வீட்டு ஷோகேஸிலோ இப்படி ஒரு புத்தகத்தை நீங்கள் பார்த்திருந்தால், தயவுசெய்து தலைகீழாகப் புரட்டி, பின்னாலிருந்து முப்பத்தொன்றாம் பக்கத்தைப் படம் எடுத்து இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்கள். அதில் யார் கைநாட்டு இருந்தாலும் சரி, மறைக்க வேண்டாம். சந்தேகமாக இருந்தாலும் பதில் எழுதுங்கள், நானே நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.