அழகுத்தாய் தூங்கிய மேளப்பொங்கல்

பிரபவ வருடம் வைகாசி மாதம் ஒரு காலைப்பொழுதிலிருந்து வெகுதானிய வருடம் வைகாசிக் கடைசிச் செவ்வாய் மதியம் வரை, பதினோரு வருடம், அழகுத்தாய் தூங்கவில்லை. கண்ணைச் சிமிட்டுவாள், படுக்கவும் செய்வாள், தூக்கம் மட்டும் வராது. வ. புதுப்பட்டிக்கு மேற்கே மலையைப் பார்த்து நடந்தால் வருகிற எங்கள் ஊரில் இதைப் பற்றி முதல் வருடம் பேசினார்கள், இரண்டாம் வருடம் கொஞ்சம் பேசினார்கள், மூன்றாம் வருடம் கிணறுகள் வற்றியதால் அதைப் பேசப் போய்விட்டார்கள். ஒரு மனுசி தூங்கவில்லை என்பதை ஊர் எத்தனை நாளைக்குத்தான் பேசும்?

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவள் புருசன் மொக்கைச்சாமி அந்த வருடம் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்குப் பிடித்திருந்தான். காய் இறக்கும் நாள். சாக்கு போதவில்லை. வத்திராயிருப்புக்குப் போய் வாங்கி வருகிறேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டவன் பெண்டாட்டியைப் பார்த்து, "ஏட்டி, கண்ணை மூடிறாத. மூடுனேன்னா அம்புட்டுக் காயும் போயிரும். உச்சிக்குள்ள வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். வத்திராயிருப்பில் சாக்கு கிடைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனான். அங்கே ஒரு பட்டாளத்துக்காரர் கயிறு வைத்து ஆட்களின் நெஞ்சை அளந்துகொண்டிருந்தார். நம் நெஞ்சு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் இவனும் வரிசையில் நின்றான். நெஞ்சு சரியாக இருந்தது. சாயங்காலம் ரயிலில் ஏற்றிவிட்டார்கள். பக்கத்தில் நின்று பார்த்த எண்ணெய் வாணியர் நான்கு நாள் கழித்து வந்து சொன்னதுதான் ஊருக்கு அவனைப் பற்றிக் கிடைத்த கடைசிச் செய்தி. கடிதம் கிடையாது. எழுதத் தெரியாதவன், எழுதச் சொல்ல வெட்கப்பட்டிருப்பான் என்று சிலர் அவனுக்காகப் பரிந்து பேசினார்கள். வெட்கமாவது மண்ணாங்கட்டியாவது!

அழகுத்தாய் அழவில்லை. காய்களை இறக்கி விற்றாள், குத்தகையை அடைத்தாள், வீட்டுக்கு வந்து பாயை விரித்துப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. கசகசாவை அரைத்துக் குடித்தாள். வைத்தியர் தலைக்கு எண்ணெய் வைத்தார். மிஷன் மருந்துக்கடைக் கம்பவுண்டர் நேசையன் ஒரு கசப்புத் தண்ணீர் கொடுத்தார். அதை நக்கிய அவள் வீட்டுப் பூனை மூன்று நாள் தூங்கியது, இவள் தூங்கவில்லை. முதலில் பரிதாபப்பட்ட ஊர் சீக்கிரமே இதில் ஒரு வசதியைக் கண்டுகொண்டது. தூங்காதவள் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று தோப்புக் காவலை அவளிடம் விட்டார்கள். பிறகு களத்து நெல்லை. பிறகு சினைமாட்டை, பிள்ளை பெற்றவளை, பிணத்தை. ஊர்க் காவல்காரரை இனி வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பதினோரு வருடம் தூங்கிய தூக்கத்தைப் போல அதற்கு முன்னும் தூங்கியதில்லை, பின்னும் தூங்கியதில்லை. எங்களுக்கு வந்துபோன நாட்கள் எதுவும் அவளுக்கு வந்துபோகவில்லை. படுத்து எழுந்தால்தானே மறுநாள்? அவளுக்கு அது முழுக்க ஒரே பகல். அலுத்துப்போய்விட்டாள். பக்கத்து வீட்டு முத்தாத்தாளிடம் ஒருமுறை, "மதினி, கண்ணுக்குள்ள மணலை அள்ளிப் போட்டது மாதிரி இருக்கு. அந்த மனுசன் வரக்கூட வேண்டாம், தூக்கம் வந்தாப் போதும்" என்று சொன்னாளாம். முத்தாத்தாள் இதை எல்லாரிடமும் சொன்னாள். கேட்டவர்கள் உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த வாரக் காவலுக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.

எங்கள் ஊர்க் காளிக்கு வைகாசிப் பொங்கல் என்றால் மேளம்தான். மூன்று நாள், சுற்றுவட்டாரத்து நையாண்டி மேளமெல்லாம் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் செட்டு, சங்கரன்கோவில் செட்டு, ராஜபாளையத்துச் செட்டு. காளி உச்சிவெயிலில்தான் கேட்பாள் என்பதால் நட்ட நடு மதியத்தில் அடி ஆரம்பிக்கும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. காளி தன் காதால் கேட்பதில்லை, பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள் காது வழியாகக் கேட்கிறாள். ஆகவே ஒரே ஒரு ஆள் பந்தலுக்குள் இருந்தாலும் மேளத்தை உறைக்குள் போடக்கூடாது. கடைசி நாள் சாயங்காலம் முத்தாத்தாள் ஒரு வாளித் தண்ணீரோடு வந்து, எழுந்திருக்காத ஆட்கள் மேல் தெளித்து விரட்டி, பந்தலைக் காலி செய்து கொடுப்பாள். அது அவள் குடும்பத்துக்குரிய மரியாதை. அந்த மரியாதையை அவள் கொஞ்சம் அதிகமாகவே செய்வாள்.

வெகுதானிய வருடத்து வெயில் சாதாரண வெயில் இல்லை. காக்கைகள் பறப்பதை விட்டுவிட்டு நிழலோரமாக நடந்து போயின. பொங்கப்பானையை அடுப்பில் ஏற்றுமுன்பே அரிசி வெந்திருந்தது. தவிலின் தோல் முறுகிக்கொண்டே போய், அடித்தால் வெண்கலப்பானையைத் தட்டியதுபோல் கேட்டது. நாயனக்காரர்கள் சீவாளியை வாயில் வைத்து நனைப்பதற்குள் அது காய்ந்தது. முதல் நாளே சங்கரன்கோவில் செட்டு சொல்லாமல் கிளம்பிவிட்டது. இரண்டாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் செட்டின் தவில்காரர் மயங்கி விழ, அவரைக் கட்டை வண்டியில் போட்டுக்கொண்டு அவர்களும் போனார்கள். மூன்றாம் நாள் மிஞ்சியது ராஜபாளையத்துச் செட்டு. அதில் உறுமி வாசிப்பவன் வீரணன். வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலை இழுத்துத் தேய்த்து, மாடு தூரத்தில் கனைப்பதுபோல் ஓர் ஓசை எழுப்புவது அவன் வேலை. பங்குனியிலிருந்து பதினேழு ஊர்ப் பொங்கல் அடித்துவிட்டு வந்திருந்தான். தோள்பட்டை இறங்கிப்போயிருந்தது. இந்த ஊர் முடிந்தால் வீட்டுக்குப் போய் நான்கு நாள் குப்புறப் படுக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

அன்று அழகுத்தாய் பந்தலுக்கு வந்தது மேளம் கேட்க அல்ல. மேளக்காரர்களின் செருப்பையும் பெட்டியையும் காவல் பார்க்க உட்கார்த்தியிருந்தார்கள். மதியம் சாய்ந்தபோது கூட்டம் வெயில் தாங்காமல் கரைந்துவிட்டது. முத்தாத்தாள் வாளியோடு வந்தாள், அங்கங்கே கிடந்தவர்களைத் தெளித்து விரட்டினாள். பெட்டிகளுக்குப் பக்கத்தில் காலை நீட்டித் தூணில் சாய்ந்திருந்த அழகுத்தாயைப் பார்த்து, "ஏட்டி, எந்திரிச்சி வா" என்றாள். இன்னும் கிட்டப் போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, குறட்டை வந்துகொண்டிருந்தது. முத்தாத்தாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவள் அழுவதைப் பார்த்து மேளம் நின்றது. நின்றதும் அழகுத்தாய் கண் திறந்தாள். பதினோரு வருடம் கழித்துக் கிடைத்ததைப் பிடுங்கிக்கொண்டதுபோல் உதடு கோணி, பச்சைப்பிள்ளை மாதிரி விம்மினாள். "நிறுத்தாதீங்கண்ணே" என்றாள். மறுபடி அடித்தார்கள், தூங்கினாள். நேசையன் ஓடி வந்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். நாயனம் மட்டும் ஊதினால் முழித்தாள். தவில் மட்டும் அடித்தால் ஒரு கண் திறந்தது. உறுமி மட்டும் முனகினால் மூச்சு சீராக வந்தது. தூக்கத்துக்குள் போகும்போது முத்தாத்தாள் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, அந்த உறுமி முழிச்சிருக்கு. இனி நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மற்ற மேளக்காரர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீரணனிடம் சொல்லிக்கொண்டு ராஜபாளையம் கிளம்பினார்கள். வீரணன் ஒற்றை ஆளாக உட்கார்ந்து வாசித்தான். பந்தலில் கேட்க ஆள் இருக்கிறதே, காளி கட்டுப்பாடு இருக்கிறதே, எப்படி எழுந்து போவான்? முத்தாத்தாள் அவன் வாயில் கம்பங்கூழை ஊற்றினாள். உள்ளங்கை கொப்பளித்து, உடைந்து, மறுபடி கொப்பளித்தது. பத்தாம் நாள் நேசையனைக் கூப்பிட்டு இது எப்போது முடியும் என்று கேட்டான். அவர் விரல்விட்டுப் பார்த்து, விட்டுப்போன தூக்கம் மொத்தமும் தூங்க வேண்டுமென்றால் மூன்று வருடம் எட்டு மாதம் ஆகும் என்றார். "அம்புட்டு நாளா! ஐயா, என் கை என்ன இரும்பா?" என்று வீரணன் கத்தினான். கத்தும்போதும் குச்சியை நிறுத்தவில்லை.

ஊருக்கு வேறு கவலை. காவலுக்கு ஆள் இல்லாமல் மூன்று தோப்பில் காய் போயிற்று. இரண்டு ஆடுகளைக் காணோம். வீட்டுக்கு ஒரு ஆள் முறைவைத்து விழித்திருக்க வேண்டியதாயிற்று, முழுத் தூக்கம் தூங்கிப் பழகிய ஜனங்கள் சிடுசிடுவென்று ஆகிவிட்டார்கள். நாட்டாமை பந்தலுக்கு வந்து, "வீரணா, நாளைக்கு உச்சியோட நிறுத்திரு. தூங்குன மட்டும் போதும்னு எந்திரிக்கட்டும்" என்றார். வீரணன் சரி என்றான். வேறு என்ன சொல்வான்? அது நாற்பத்தோராம் நாள். அவனுக்குப் பந்தல் கால்களெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

மறுநாள் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மொக்கைச்சாமி வந்தான். பட்டாளத்திலிருந்து கணக்குத் தீர்த்து அனுப்பியிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, பூட்ஸ் காலோடு நடந்து வந்தான். முன்தலை வழுக்கை, ஒரு காது கேட்காது. வடக்கே பூகம்பத்தில் விழுந்த ஊரில் மூன்று வாரம் பிணம் தோண்டியவன், அதற்குப் பிறகு அவனுக்கும் ஒழுங்கான தூக்கம் இல்லை என்று பின்னால் சொன்னான். வீடு பூட்டியிருக்க, சத்தம் கேட்டுப் பந்தலுக்கு வந்தான். ஊரே அங்கே கூடியிருந்தது. ஆளாளுக்குச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெட்டியை இறக்கி வைத்து, "அதான் நான் வந்துட்டேன்லா. மேளத்தை நிறுத்துங்க. முழிச்சி என்னையப் பாக்கட்டும்" என்றான்.

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. எவனுக்காக விழித்திருந்தாளோ அவனே வந்துவிட்டான், இனி என்ன? வீரணன் குச்சியைத் தோலிலிருந்து எடுத்தான். அவன் நாற்பத்திரண்டு நாளாகக் காத்திருந்தது அந்த ஒரு எடுப்புக்குத்தான். ஓசை அடங்கியது. அழகுத்தாயின் புருவம் சுருங்கியது, வேலைக்குக் கூப்பிட்டால் கூலிக்காரி முகம் போகுமே, அப்படிப் போயிற்று. கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் கை தரையைத் துழாவி எழுந்திருக்க ஊன்றியது. வீரணன் குச்சியைத் திரும்ப வைத்து இழுத்தான். கை தளர்ந்து விழுந்தது.

"ஏலே, நான் யாருன்னு தெரியுமா?" என்றான் மொக்கைச்சாமி.

"தெரியும் அண்ணாச்சி. நாப்பது நாளா ஊரு ஒம்ம கதையத்தான் சொல்லுது" என்றான் வீரணன். "அவிய ஒமக்காக முழிச்சிருந்தது போதாதா? இப்பயும் ஒமக்காகத்தான் முழிக்கணுமா?"

நாட்டாமை அதட்டினார். வீரணன் அவரைப் பார்க்கவே இல்லை. வாசித்தபடியே முழங்காலால் நகர்ந்து மொக்கைச்சாமியிடம் வந்து, உறுமியின் வாரை அவன் தோளில் மாட்டி, அவன் கையைக் குச்சியின் மேல் வைத்துத் தன் கையால் அழுத்தி நான்கு இழுப்பு இழுத்தான். "நிறுத்தணும்னா நீரே நிறுத்தும். என் கையால முடியாது" என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டான். எடுத்த இடத்திலேயே மணலில் சரிந்தான். தரையைத் தொடுமுன் தூங்கிவிட்டான். அவனைச் சொந்தக்காரர்கள் வந்து வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனபோதும் அவனுக்குத் தெரியாது.

மொக்கைச்சாமி நின்றான். குச்சி அவன் கையில் இருந்தது. பெண்டாட்டியைப் பார்த்தான். போகும்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. தலையில் நரை இறங்கியிருந்தது. கண்ணைச் சுற்றி அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்திருந்தது. நிறுத்துவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். குச்சி நகர்ந்தது. கழுதை இருமியதுபோல் ஒரு சத்தம் வந்தது. அவள் ஒருக்களித்துப் படுத்துக் கையைக் கன்னத்துக்கு அணை கொடுத்துக்கொண்டாள். அவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து இன்னொரு இழுப்பு இழுத்தான்.

வாசிப்பு கடைசிவரை சரியாக வரவில்லை. ஐப்பசி மழைக்குப் பந்தலை எடுத்துவிட்டுப் பனையோலை வேய்ந்து கொடுத்தார்கள். அடுத்த வருடம் சண்டை மூண்டு, பழைய ஆட்கள் திரும்பி வர வேண்டும் என்று பட்டாளத்திலிருந்து கடிதம் வந்தது. ஆள் பணியில் இருக்கிறார், விடுவிக்க இயலாது என்று நேசையன் பதில் எழுதினார், அதற்குமேல் அவர்களும் கேட்கவில்லை. வைகாசி தோறும் மற்ற மேளங்கள் வந்து அவர்களைச் சுற்றி உட்கார்ந்து அடித்துவிட்டுப் போயின. நாட்டாமை வேறு காவல்காரரை அமர்த்தினார். மொக்கைச்சாமி தூங்கவில்லை. முத்தாத்தாள் அவனுக்கும் கூழ் ஊற்றினாள், முதல் வருடம் திட்டிக்கொண்டே ஊற்றினாள், பிறகு சும்மா ஊற்றினாள்.

விஷு வருடம் மாசி மாதம் ஒரு மதியம், நேசையன் சொன்ன கணக்குக்கு நான்கு நாள் முந்தி, உறுமி முனகிக்கொண்டிருக்கும்போதே அழகுத்தாய் கண் திறந்தாள். சோம்பல் முறித்தாள், வாயைத் துடைத்துக்கொண்டாள். எதிரே எலும்பும் தோலுமாக, கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, குச்சியை இழுத்துக்கொண்டிருந்த ஆளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். யாரென்று தெரிந்தது.

"வந்து எம்புட்டு நேரம் ஆச்சு?" என்று கேட்டாள்.

"இப்பத்தான்" என்றான் மொக்கைச்சாமி.

கூழ்ச்சட்டியோடு நின்ற முத்தாத்தாள் அதைத் திருத்தவில்லை. ஊரிலும் அவளிடம் யாரும் திருத்திச் சொல்லவில்லை.